இரண்டு பிறைகளும் கவிழ்ந்த ஸ்டூலும்

ஓவியர் தணிகாசலம் கடைசியாக வரைந்த படத்தின் முன்னால் ஐந்து நிமிடம் சும்மா நின்றவர் யாரும் இல்லை. நானும் நிற்கவில்லை. இரண்டு நிமிடத்தில் தலையைச் சாய்த்தேன், பின்னால் நகர்ந்தேன், வெளியே போய்க் காபி குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தலால் வந்த வழக்கைத்தான் சொல்லப் போகிறேன். அவசரக்காரர்கள் இப்போதே கடைசிப் பத்திக்குத் தாவிவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கின் மாடிதான் தணிகாசலத்தின் ஓவியக்கூடம். படமும் அந்தக் கூடத்தின் உட்புறம்தான். ஆனால் இருப்பதை இருக்கிறபடி வரைகிற ஆள் அவர் இல்லை. ஆளுயரக் கித்தானில் நான்கைந்து நிறங்கள், சில கோடுகள், அவ்வளவே. அடியில் அகலமான கருநீலப் பட்டை. நடுவில் ஒரு சிவப்புக் கட்டம், அதன்மேல் நட்டுக்கொண்டு நிற்கும் நான்கு கறுப்புக் குச்சிகள். சிவப்பிலிருந்து மெல்லிய இழைகள் தீ நாக்குபோல மேலே ஏறின. எல்லாவற்றுக்கும் உச்சியில், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு வெள்ளைப் பிறைகள்.

படத்தை முடித்த வாரமே அவர் ஆஸ்பத்திரியில் படுத்தார். போகும்போது அதைச் சட்டம் போடச் சொல்லி சலாவுதீன் பாயின் கடைக்கு அனுப்பினார். முகப்பில் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாத நவீன ஓவியம் வந்தால் பாய் கடையில் ஒரு வழக்கம் உண்டு: அழுத்தமான நிறம் கீழே, வெளிர் நிறம் மேலே. அப்படியே கொக்கி அடித்தார். கேட்டுத் தெளிய நேரமில்லை. ஓவியர் வீடு திரும்பவே இல்லை.

படத்தோடு ஒரு சீட்டும் இருந்தது. ‘பாய், இதில் யாருக்கு இடம் விட்டிருக்கிறேனோ அவருக்கே இந்தப் படம். நீங்களே பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.’

நல்ல மனிதர், வம்பை வாங்கிப் பாய் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பாய் மூன்று நாட்கள் கடைக்கும் தெருவுக்குமாக நடந்தார். கடைசியில் உரிமை இருப்பதாக நினைத்தவர்களை எல்லாம் வரச் சொன்னார். மூன்று பேர் வந்தார்கள்.

முதலில் ஓவியரின் மனைவி சுலோசனா. “கீழே இருக்கிறது எங்க ஊர்க் குளம் பாய். மேலே ரெண்டு பிறை, அவரும் நானும். முப்பது வருஷம் அந்த மனுஷன் வீட்டைவிட அந்தக் கூடத்துலதான் இருந்தார். அதுக்குள்ள எனக்கும் ஒரு இடம் வெச்சிருந்தாருன்னு நான் நம்பக் கூடாதா?”

அடுத்தவர் ஜம்புநாதன், அதே கூடத்தில் பாதியைப் பங்குபோட்டுக்கொண்ட சிற்பி. “அது ஸ்டூல் பாய். கவிழ்ந்த ஸ்டூல். வெளியே போறப்ப வேற யாரும் உட்காரக் கூடாதுன்னு நான்தான் ஸ்டூலைக் கவிழ்த்து வெச்சிட்டுப் போவேன். தணிகாசலம் கேலி பண்ணிக்கிட்டே இருப்பான். எனக்குத்தான் இடம் பிடிச்சு வெச்சிருக்கான்.”

மூன்றாவது அமலோற்பவம். ஓவியக் கல்லூரியிலும் தணிகாசலத்தின் கூடத்திலும் பதினோரு வருடம் மாடலாக உட்கார்ந்தவள். அந்த வேலை பார்ப்பதற்குத்தான் சுலபம். முக்கால் மணி நேரம் அசையக் கூடாது. பிறகு டீ குடிக்கக் கால் மணி நேரம் விடுவார்கள். எழுந்திருப்பதற்கு முன் குதிகாலைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் வளைத்து வைப்பார் தணிகாசலம். திரும்பி வந்து அதே கோட்டில் காலை வைக்க வேண்டும். ஓர் அங்குலம் தள்ளினாலும் நிழல் மாறிவிடும்.

“என் மூஞ்சி எத்தனை வீட்ல மாட்டியிருக்கோ, தெரியாது பாய். எங்க வீட்டுச் சுவத்துல ஒண்ணுகூட இல்ல” என்றாள். “இதுலயாவது இருப்பேனான்னு பார்க்க வந்தேன். பிறையும் தெரியல, குளமும் தெரியல. ஆனா பார்த்தா கால் சும்மா இருக்க மாட்டேங்குது.” உண்மைதான். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவளின் குதிகால்கள் எதையோ தேடுவதுபோல் தரையில் நகர்ந்துகொண்டே இருந்தன.

மனைவிக்குப் பிறை, நண்பனுக்கு ஸ்டூல், அமலோற்பவத்துக்குக் காட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பாய் படத்தைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். சட்டென்று எழுந்தார்.

இப்போது சொல்லுங்கள். தணிகாசலம் இடம் விட்டிருந்தது யாருக்கு? பாய் யார் கையில் கொடுத்தால் சரி?

விடை: பெயிண்ட் எந்த ஊரில் மேல்நோக்கி வழியும்? பாய் படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். தீ நாக்குகள் சாதாரணமாக வழிந்த சிவப்பாயின. குளம் மேலே போய் ஜன்னலானது. ஸ்டூல் நான்கு காலில் நேராக நின்றது. அதன் முன்னால், தரையில், இரண்டு சாக்பீஸ் வளைவுகள். “தப்பு என்னோடது. கொக்கியை மாத்தி அடிச்சுட்டேன்” என்று பாய் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். ஜம்புநாதன் தலையைக் குனிந்துகொண்டார். சுலோசனாவுக்கு வலித்திருக்கும், வலிக்காமல் எப்படி இருக்கும்? ஆனாலும், “எடுத்துக்கோம்மா, உன் இடம்தான்” என்று அவள்தான் சொன்னாள். அமலோற்பவத்தின் வீட்டுச் சுவரில் இப்போது அந்தப் படம் நேராகத் தொங்குகிறது. “இதுல நீ எங்கடி இருக்கே?” என்று கேட்கிற பக்கத்து வீட்டுக்காரிகளுக்கு அவளிடம் ஒரே பதில்தான்: “டீ குடிக்கப் போயிருக்கேன். இதோ வந்துடுவேன்.”