அறுபத்து மூன்றாம் எண் ரத்தம்

நடந்ததைச் சொல்கிறேன்; தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

தூத்துக்குடி ஜெசிந்தா பத்து வருடம் நர்ஸாக இருந்தவள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரகம் ஏன் சீக்கிரம் கெடுகிறது என்று ஆராய, முப்பத்து நான்கு வயதில் முனைவர் பட்டத்துக்காக சுவீடன் போனாள். ஒரு கோடையில் ஊருக்கு வந்து, கிராமச் செவிலியர் சொர்ணத்தின் துணையோடு நூற்று எண்பது பேரிடம் ரத்தம் எடுத்தாள்.

நோய் என்று தெரிந்தால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று எல்லோருக்கும் பயம். "பேர் இருக்காது, நம்பர் மட்டும்தான். யார் ரத்தம்னு எனக்கே தெரியாது" என்று ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்தாள். பெயர்ப் பட்டியல் சுவீடனில் அவளுக்கு வழிகாட்டிய பேராசிரியர் இங்ரிட்டின் அலமாரிக்குள் போனது.

பிப்ரவரியில் ஒருநாள் அறுபத்து மூன்றாம் எண்ணின் முடிவு வந்தது. சிறுநீரகம் பாதிக்குமேல் போயிருந்தது. ஜெசிந்தா இங்ரிட்டிடம் ஓடினாள்.

"பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு எழுது. அவர்கள் சொல்லாமல் பட்டியலைத் திறக்க முடியாது. ஒரு பெயரைப் பார்த்தாலும் நூற்று எண்பது பேருக்கும் கொடுத்த வாக்கு போய்விடும்" என்றார் இங்ரிட்.

அன்றே எழுதினாள். பதில் வரப் பத்தொன்பது நாள் ஆயிற்று.

இடையில் சொர்ணம் போன் செய்தாள். "நாளைக்கு உப்பளத்துல மருத்துவ முகாம் போடுறோம் ஜெசி. நம்ம ஆளுக எல்லாரும் வருவாக. எதுவும் சொல்லணுமா?"

அறுபத்து மூன்றின் விஷயம் ஜெசிந்தாவின் நாக்கு நுனிவரை வந்தது. கொடுத்த வாக்கை நினைத்தாள். "ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.

அந்த முகாமுக்குப் பேச்சித்தாய் என்பவளும் வந்திருந்தாள். வீங்கிய கால் தெரியாதபடி சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சும்மா உடம்பு வலிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வழக்கம்போலக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அனுமதி வந்து பட்டியலைத் திறந்தபோது, அறுபத்து மூன்று பேச்சித்தாய்தான். சொர்ணம் அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். "அந்த மாத்திரையை மூணு வாரம் முன்னாடி நிறுத்தியிருந்தா கிட்னி கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்" என்றார் டாக்டர். இப்போது வாரம் இரண்டு முறை டயாலிசிஸ்.

பட்டியலைத் திறக்க மறுத்தவர் இங்ரிட். காத்திருந்தவள் ஜெசிந்தா. காலை மறைத்தவள் பேச்சித்தாய். இந்த மூவரில் தவறியது யார்?

விடை: இங்ரிட் காத்தது ஏழைகளின் பிழைப்பை, அவரைக் குறை சொல்ல முடியாது. தனக்குள் இருப்பது என்னவென்று பேச்சித்தாய்க்குத் தெரியாது. தவறியது ஜெசிந்தாதான், அதுவும் பட்டியலைத் திறக்காததால் அல்ல. அறுபத்து மூன்று யார் என்று தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே அவளுக்கு இருக்கவில்லை. உப்பளத்தில் பலரும் வலி மாத்திரை போடுகிறார்கள், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது நர்ஸாக இருந்த அவளுக்குத் தெரியும். சொர்ணம் கேட்ட அந்த நிமிடம், "எல்லாரும் வலி மாத்திரைய நிறுத்திட்டு ஆஸ்பத்திரியில ரத்தம் பாத்துக்கட்டும்" என்று சொல்லியிருந்தால் எந்த வாக்கும் உடைந்திருக்காது. இது அவளுக்கு உறைத்தபோது பட்டம் கைக்கு வந்துவிட்டது. ஊருக்கு வந்து பேச்சித்தாயிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். பேச்சித்தாய், "படிப்பு முடிஞ்சுதாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.