கிளிக்குப் பிடித்த விளையாட்டு

“குருவே, என் கிளி மேல அபாண்டமாப் பழி போடறாங்க!”

படியேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே நாச்சிமுத்து கத்தினார்.

பொள்ளாச்சியில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த ஒற்றை அறை அது. உள்ளே குரு டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தார். குருவின் பெயர் பர்வீன். வயது இருபத்தேழு. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

அந்த ஊரில் போனுக்கு ஆப் செய்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஆப்பை வெளியிடும் ஸ்டோரிலிருந்து ஒரு கடிதம் வந்தால் போதும், அத்தனை பேரும் இந்தப் படியைத்தான் ஏறுவார்கள். கேட்டதற்குப் பர்வீன் நேராகப் பதில் சொன்னதாக வரலாறே இல்லை. அதனாலேயே குரு என்று பெயர் வந்துவிட்டது.

“உக்காருங்ணா. எந்தக் கிளி?”

“என்னுங் அம்மணி, இப்படிக் கேட்டுப்போட்டீங்க! கிளியக்காங்க!”

நாச்சிமுத்து பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்று மணி வரை வேனுக்குள் சும்மா கிடக்க வேண்டும். ஒன்றரை வருஷம் அப்படிக் கிடந்த நேரத்தில், வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு ஆப் செய்துவிட்டார். எழுத்தைத் தொட்டால் கிளியக்கா வந்து சொல்லித் தரும். அணில் கீச்சிடும், ஆடு கத்தும், யானை பிளிறும். அத்தனையும் நாச்சிமுத்துவின் தொண்டைதான். வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போதுகூட வாயாலேயே ‘பீம் பீம்’ என்கிற மனுஷன்.

“கடுதாசி என்ன சொல்லுதுங்ணா?”

நாச்சிமுத்து எழுந்து நின்றார். குரல் மூக்கு வழியாக, தாலுகா ஆபீஸ் வாடையோடு வந்தது.

“‘தங்கள் ஆப்பிற்குத் தாங்கள் குறித்துள்ள வயது, அதில் காட்டப்படுபவற்றோடு பொருந்தவில்லை. ஏழு நாட்களுக்குள் திருத்தவும். தவறினால் நீக்கப்படும்.’”

“என்ன வயசு போட்டீங்க?”

“மூணுக்கு மேல எல்லாரும். திங்கக்கெழம எல்கேஜி டேப்லட் நாப்பதுலயும் ஏத்தறேன்னு ஹெச்எம் சொல்லியிருக்கறாங்க.” உடனே அவரே ஹெச்எம் ஆனார். இல்லாத கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. “‘நாச்சிமுத்து, வயசு மூணுன்னு இருந்தாத்தான். நாலுன்னு இருந்தாக்கூட நான் தொட மாட்டேன்.’ இப்ப ஆப்பையே தூக்கிப்போட்டா என் மூஞ்சியக் கொண்டுபோயி எங்கீங்க வெக்கறது?”

“வயசு குறிக்கறதுக்கு ஸ்டோர்ல ஒரு ஃபாரம் குடுப்பாங்களே, அதுல என்ன பதில் சொன்னீங்க?”

“அடிதடி இருக்கா? இல்ல. ரத்தம் இருக்கா? இல்ல. சூதாட்டம் இருக்கா? இல்ல. கெட்ட வார்த்தை? கிளி வாயிலயா! கேள்விய முடிக்கறதுக்குள்ள இல்ல, இல்லன்னு அமுக்கித் தள்ளிட்டேன்.”

“விளம்பரம் வருதா?”

“வருமுங்க. மூணு எழுத்துக்கு ஒண்ணு. அது எவனோ போடறது. வேன் பின்னால எவனோ போஸ்டர் ஒட்டிட்டுப் போறான். அதுக்கு டிரைவர் என்னுங் பண்ணுவான்?”

குரு கையை நீட்டினார். நாச்சிமுத்து தன் போனைக் கொடுத்தார்.

குரு ‘அ’வைத் தொட்டார். அணில் கீச்சிட்டது. ‘ஆ’. ஆடு கத்தியது. ‘இ’. இலை சலசலத்தது; அதுவும் நாச்சிமுத்துதான். பிறகு கிளியக்கா தலையைச் சாய்த்தாள்.

“இதையும் பாரு கண்ணு, நல்லா இருக்கும்!”

சாம்பல் நிறத்தில் ஒரு வெறுந்தாள் வந்தது. ‘சோதனை விளம்பரம்’ என்று நடுவில் இரண்டே சொல். ஐந்து நொடி நின்றுவிட்டுப் போனது.

“இந்த வரிய யாரு சேக்கச் சொன்னாங்க?”

“நானேதானுங்க. சொல்லாமக் கொள்ளாம விளம்பரம் வந்தா புள்ளைங்க பயந்துக்கும். ஒரு மருவாதிக்குச் சேத்தேன்.”

“எப்பவும் இந்தத் தாள்தானா வரும்?”

“என் போன்ல இதாங்க. செஞ்சவனே தன் ஆப்புல நெச விளம்பரத்தத் தொட்டுட்டா விளம்பரக் கம்பெனிக்காரங்க வெளிய அனுப்பிருவாங்க. அதனால எனக்கு மட்டும் வெறுந்தாள் வர்ற மாதிரி வெச்சிருக்கறேன்.”

“ஒன்றரை வருஷமாவா?”

“ஒன்றரை வருஷமா. பாத்தீங்கல்ல, பச்சப்புள்ள மாதிரித் தாளு. இதுக்கு மூணு வயசே ஜாஸ்தீங்க!”

குரு பன்னில் பாதியைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளினார்.

“வேன் எத்தன மணிக்குங்ணா?”

“மூணுக்கு.”

“புள்ளைங்கள எறக்கறப்ப, யாராச்சும் அம்மா போன்ல கிளிய ஒருக்காப் பாத்துட்டு வாங்க.”

“பதில் கேட்டு வந்தா பன்னு குடுக்கறீங்க.”

“நல்ல பன்னுங்ணா.”

அன்று கடைசியாக இறங்கியது மகிழ்நிலா. யூகேஜி. இறங்கும்போது ஆடு மாதிரிக் கத்தினால்தான் இறங்குவாள். நாச்சிமுத்து கத்தினார். இறங்கினாள்.

“அக்கா, ஒரு நிமிசம் உங்க போனு,” என்றார் அவள் அம்மாவிடம். “கிளியப் பாத்துட்டுக் குடுத்தறேன்.”

அம்மா சிரித்துக்கொண்டே நீட்டினார். மகிழ்நிலா அதை நடுவழியில் பிடுங்கி, வேன் படியிலேயே உட்கார்ந்தாள்.

மூன்று எழுத்து தொட்டாள். தலையைச் சாய்த்தாள். கிளி வாயைத் திறக்கும் முன்பே அவள் திறந்தாள். அதே கீச்சு, அதே இழுப்பு.

“இதையும் பாரு கண்ணு, நல்லா இருக்கும்!”

நாச்சிமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் தொண்டையை இவ்வளவு சுத்தமாகத் திருடிய ஆள் இதுவரை இல்லை.

திரையில் தாள் வரவில்லை. சீட்டுக்கட்டு வந்தது. கூலிங் கிளாஸ் போட்ட ஒருவன் கட்டை விசிறினான். ரூபாய் நோட்டு மழையாகப் பெய்தது.

“ஒரே ஆட்டம்! வாழ்க்கையே மாறும்! இப்பவே ஆடு!”

பிள்ளையின் விரல் தயங்காமல் அங்கே போனது. வழி தெரிந்த விரல்.

“கண்ணு, அது வேண்டாம்.”

“ஏன் மாமா? கிளிக்கு இதுதான் ரொம்பப் புடிச்ச வெளையாட்டு.”

“யாரு சொன்னா?”

“கிளிதான் சொல்லுச்சு.”

“இல்ல கண்ணு, அது நல்லதில்ல. மாமா சொல்றேன்ல?”

மகிழ்நிலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். மாமாவா, கிளியா என்று ஒரு நொடி யோசித்தாள். மறுபடி திரைக்குக் குனிந்துவிட்டாள்.

அம்மா எட்டிப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“என்னுங்ணா இது? நான் சமையக்கட்டுல இருந்து சத்தத்த மட்டுந்தான் கேப்பேன். உங்க கொரலாச்சேன்னு போனக் குடுத்துட்டு என் வேலையப் பாப்பேன்.”

நாச்சிமுத்து பிள்ளையின் கையிலிருந்து போனை வாங்கி அம்மாவிடம் கொடுத்தார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவர் படியேறினார். குருவே என்ற சத்தம் இல்லை. தாலுகா ஆபீஸ் இல்லை. ஹெச்எம் இல்லை.

குரு டீயை ஊற்றி வைத்தார். ஃபாரத்தைத் திறந்து வைத்தார்.

அடிதடி இருக்கா? விளம்பரத்தில் என்னென்ன வருமோ, யார் கண்டது? நாச்சிமுத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

சூதாட்டம் இருக்கா?

அந்தக் கேள்விக்கு மேல் அவர் விரல் வெகுநேரம் நின்றது. டீயில் ஆடை கட்டியது.

‘உண்டு’ என்று அமுக்கினார்.

திரையில் மூன்று மறைந்து பதினெட்டு வந்தது.

“அம்மணி… பதினெட்டு வயசுக்காரனுக்கா கிளி ‘அ’ சொல்லித் தரும்?”

“சொல்லித் தந்தா கத்துக்குவானுங்ணா.”

சிரிக்க வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார். கண் நிறைந்துவிட்டது.

குரு பார்க்காதது மாதிரி வேறொரு பக்கத்தைத் திறந்து போனை அவர் பக்கம் திருப்பி வைத்தார். விளம்பரம் அனுப்புகிற கம்பெனியின் பக்கம். எந்த வயதினருக்கான விளம்பரம் வரை உள்ளே வரலாம் என்று கேட்டிருந்தது. ஒன்றரை வருஷமாக அது இருந்த இடத்திலேயே இருந்தது. நாச்சிமுத்து ஒரு நாளும் திறந்ததில்லை. ‘எல்லாம் வரலாம்’ என்றிருந்தது.

“இதக் கொறச்சா விளம்பரக் காசும் கொறையுமுங்களா?”

“கொறையுமுங்ணா.”

“ரொம்பவா?”

“ரொம்ப.”

‘சின்னப் பிள்ளைகளுக்கானது மட்டும்’ என்பதில் விரலை வைத்தார். எடுக்கவில்லை, அமுக்கினார். குரு தன் போனில் கிளியைத் திறந்து முன்னால் வைத்தார். அதில் வெறுந்தாள் வராது. இருவரும் ‘அ’ முதல் ‘ஃ’ வரை, பின் மறுபடி ‘அ’ முதல், மாறி மாறித் தொட்டார்கள். வந்ததெல்லாம் கலர் பென்சிலும் பொம்மை ரயிலும்.

அதன் பிறகுதான் அவர் ஃபாரத்துக்குத் திரும்பினார். முதல் கேள்வியிலிருந்து மறுபடி படித்தார். இல்லை. இல்லை. இல்லை. இந்த முறை ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்தது.

மூன்று என்று வந்தது.

“அனுப்பிருவமாங்ணா?”

நாச்சிமுத்து தலையாட்டவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இருங் அம்மணி. கிளி அந்த ‘இதையும் பாரு கண்ணு’ வரிய மாத்திச் சொல்லோணுமுங்க.”

குரு எழுந்து போய், ஒலிப்பதிவில் பஸ் சத்தம் விழாதபடி ஜன்னலைச் சாத்தினார்.