வாத்தியார் எடுத்த படம்

புன்னைமரத்தடியில் வரியன் என்ற அணில் பள்ளிக்கூடம் நடத்தியது. முயல்குட்டி, எலிக்குஞ்சு, காடைக்குஞ்சு எல்லாம் அங்கேதான் படித்தன.

ஒருநாள் மரத்துக்குப் பக்கத்திலிருந்த புற்றோரம் நாகம்மை என்ற நல்லபாம்பு தன் சட்டையை உரித்துப் போட்டிருந்தது. அதன் தலைப்பக்கத்தில் மூக்குக்கண்ணாடி மாதிரி ஓர் அடையாளம் மங்கலாகத் தெரிந்தது. அடேயப்பா, அதில்தான் எத்தனை வளைவு, எத்தனை நெளிவு! வரியன் அசந்துபோனது.

"கீழே கிடப்பதுதானே, யாரைக் கேட்க வேண்டும்?" என்று சொல்லிக்கொண்டு, அதை அப்படியே ஒரு தேக்கிலையில் கீறி எடுத்துக்கொண்டது.

மறுநாள் வளைகோடு பற்றிய பாடம். வரியன் இலையைத் தூக்கிக் காட்டியதும் குட்டிகள் வாய் பிளந்தன. காடைக்குஞ்சு கத்தவே மறந்துவிட்டது.

"இது யார் படம், ஐயா?" என்றது துள்ளி என்ற அந்த முயல்குட்டி.

வரியனுக்குப் பெருமை தலைக்கேறியது. "வேறு யார்? என் படம்தான். எங்கே பார்த்தாலும் இது வாத்தியார் படம் என்று சொல்லுங்கள்."

பள்ளி விட்டதும் துள்ளி புற்று வழியாக வீட்டுக்குப் போனது. அங்கே நாகம்மை எதிர்ப்புதரில் ஏதோ சத்தம் கேட்டு, எழுந்து படம் எடுத்து நின்றது. பின்னால் வந்த துள்ளி அதைப் பார்த்தது. அந்தி வெயிலில் அந்த அடையாளம் தகதகவென்று மின்னியது. துள்ளி மெய்மறந்து நின்றுவிட்டது.

"ஐ, எங்கள் வாத்தியார் படம்!" என்று தொட்டுப் பார்க்கக் கிட்டே போனது.

மரத்தின் மேலிருந்து பார்த்த வரியன் பதறிக் கத்தியது. "துள்ளி, போகாதே!"

"ஏன் ஐயா? உங்கள் படம்தானே?" துள்ளி இன்னும் நெருங்கியது.

"என் படம் இல்லை, அது நாகம்மையின் படம்! கேட்காமல் எடுத்துவிட்டு உங்களிடம் பொய் சொன்னேன். ஓடு!"

துள்ளி ஒரே பாய்ச்சலில் புதருக்குள் மறைந்தது. நாகம்மை மெல்ல வரியன் பக்கம் திரும்பியது.

"உன் படம் என்றா சொன்னாய்? எங்கே, ஒரு தடவை படம் எடு, பார்க்கலாம்."

அணில் எங்கே படம் எடுப்பது? வரியன் வாலைச் சுருட்டிக்கொண்டு, "மன்னித்துவிடுங்கள் தாயே. பிள்ளைகளுக்குக் காட்டத்தான் எடுத்தேன்" என்றது.

"காட்டு, நானா வேண்டாம் என்றேன்? பாடத்துக்கு என்று கேட்டிருந்தால் நின்று காட்டியிருப்பேனே. என் பெயரைச் சொல்லியிருந்தால் அந்தக் குட்டியும் விலகிப் போயிருக்கும். நான் சட்டென்று திரும்பியிருந்தால் அதன் கதி என்ன?"

வரியன் தயங்கித் தயங்கி அனுமதி கேட்டது. நாகம்மை முதுகு காட்டி நின்று, முழுதாகப் படம் விரித்தது. என்ன அழகு அது! வரியன் எட்ட நின்று, கண் கொட்டாமல் பார்த்துப் புதிதாக வரைந்தது. 'நாகம்மையின் படம், அவர் அனுமதியோடு' என்று அடியில் எழுதிய பிறகே அதைப் பள்ளிக்குக் கொண்டுபோனது.

பாடத்துக்கே ஆனாலும், பிறர் படத்தை அவரைக் கேட்டு எடுக்க வேண்டும். அவர் பெயரைச் சொல்லிக் காட்ட வேண்டும்.