ஈரக் கம்பளி

கோட்டைச் சிறையில் படர்தாமரை பரவியிருந்தது. வைத்தியச்சி வடிவம்மையும் அவளுடைய சீடன் சாத்தனும் எலுமிச்சைப்புல் தைலத்தைத் தேங்காயெண்ணெயில் கலந்து எடுத்துக்கொண்டு தினமும் அங்கே போனார்கள்.

வேலப்பன் என்ற கைதிக்கு இடுப்பைச் சுற்றி வட்டம் வட்டமாகப் புண். சொறிந்த இடங்களில் ரத்தம் காய்ந்திருந்தது.

"தைலம் போட்டால் அடங்குகிறது அம்மா. கம்பளியைப் போர்த்தினால் மறுபடி அரிக்கிறது. சுவர் கசிந்து கசிந்து எல்லாம் ஈரம்."

வடிவம்மை சிறைத்தலைவர் காளிங்கனிடம் போனாள்.

"கம்பளிகளை வெயிலில் உலர்த்த விடுங்கள் ஐயா."

"துணி காயப்போட இது சத்திரமா? உன் எண்ணெயில் சரக்கு இல்லை, அதைச் சொல். இந்த வாரத்துக்குள் ஆறவில்லை என்றால் இரண்டு பேரும் இந்தப் பக்கம் வரக்கூடாது."

திரும்பும் வழியில் சாத்தன் கேட்டான்.

"தைலத்தைக் கலக்காமல் அப்படியே போட்டால் என்ன அம்மா? கிராம்புத் தைலமும் சேர்க்கலாம்."

"தோல் வெந்துவிடும்."

"நம்மை நிறுத்திவிட்டால் வேலப்பனை யார் பார்ப்பார்கள்? பிறகு எதைத்தான் செய்வது?"



மறுநாள் காளிங்கன் அவர்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டுத் தோள்துண்டை விலக்கினார். கழுத்தில் சிவந்த வட்டம்.

"வெளியே மூச்சு விடக்கூடாது. நல்ல தைலமாகப் பார்த்துப் போடு."

"எல்லோருக்கும் ஒரே தைலம்தான்."

தடவினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதமாக இருக்கிறது. இது போதுமா?"

வடிவம்மை சாத்தனைப் பார்த்தாள். "வேலப்பனுடைய கம்பளியை வாங்கி வா."

சாத்தன் அவள் காதருகே குனிந்தான். "நம்மையும் உள்ளே தள்ளிவிடுவார் அம்மா."

"தள்ளட்டும். தைலம் தடவ உள்ளேயே ஆள் இருக்கும். போ."

கொண்டு வந்தான். அறை முழுக்கப் பூஞ்சை நாற்றம். அவள் அதை வாங்கிக் காளிங்கனிடம் நீட்டினாள்.

"தைலத்துக்கு மேல் இதைப் போர்த்திக்கொண்டு படுங்கள்."

தொட்டதும் அவர் கையை இழுத்துக்கொண்டார். "ஈரமாக இருக்கிறதே."

வடிவம்மை நீட்டிய கையை மடக்கவில்லை.

"உள்ளே இருப்பவர்களும் அதைத்தான் சொன்னார்கள். நீங்கள் போர்த்திக்கொள்ளுங்கள் ஐயா. உங்களுக்கும் ஆறவில்லை என்றால், என் எண்ணெயில் சரக்கு இல்லை."