பச்சைத் தரையில் ஓர் இடம்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரி. அதன் கூடைப்பந்து அணிக்கு இசக்கிதான் கேப்டன். தூரத்திலிருந்து எறிந்தால் மூன்று பாயிண்ட் தரும் வளைவுக் கோடு ஒன்று உண்டல்லவா, அதன் பின்னால் அவள் நின்று கையைத் தூக்கினால் போதும், எதிரணிப் பெண்கள் பந்தைப் பார்க்கவே மாட்டார்கள். விழுந்துவிடும் என்று தெரிந்து திரும்பி நடப்பார்கள்.

அந்த வருஷம் விதி மாறிற்று. கோடு அரை மீட்டர் பின்னால் போனது. பயிற்சியாளர் ரெஜினா பழைய கோட்டின் மேல் பச்சை பெயிண்ட்டை மூன்று முறை பூசினார். வெளியே புதிதாக வெள்ளைக் கோடு போட்டார். பழையது இருந்த சுவடே இல்லை.

அன்றைக்குப் பிடித்தது சனியன். இசக்கி பந்தோடு வருவாள், புதுக் கோட்டைத் தாண்டி உள்ளே போவாள், ஒன்றுமே இல்லாத பச்சைத் தரையில் கால் தானாக நிற்கும். எறிவாள். விழும். நடுவர் இரண்டே விரலைக் காட்டுவார். வம்படியாக வெளியே நின்று எறிந்தாலோ வளையத்தில் பட்டுத் தெறிக்கும். போன ஆட்டம் ஒரு பாயிண்ட்டில் போயிற்று. நாளைக்கும் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"பேயை ஓட்டுற இசக்கியம்மன் பேரு. உன்னையே பேய் புடிச்சிருச்சேடி" என்று சிரித்தாள் கூட ஆடும் பிலோமி. இசக்கிக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஆட்டத்தை நினைத்துக்கொண்டே மத்தியானம் மைதானத்துக்குப் போனாள். ஆள் அரவம் இல்லை. வேம்பில் ஓர் இலை அசையவில்லை. ரெஜினா மட்டும் வளையத்தில் வலை கட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், நாளைக்கு என்னை இறக்காதீங்க."

"ஏன்?"

"அந்த இடத்துக்குப் போனா யாரோ கணுக்காலைப் புடிக்கிறாங்க மேடம். சத்தியமா."

"புடிக்கிற கை சுடுதா, ஜில்லுன்னு இருக்கா?"

இசக்கிக்கு உடம்பு புல்லரித்தது. "ஜில்லுன்னு."

"சரி. உனக்குப் பதிலா யாரு?"

"ஷிஃபானா. ஸ்கூல்ல கோகோ ஆடின புள்ள. பெயிண்ட் காஞ்ச பிறகுதான் வந்து சேர்ந்தா, பழைய கோட்டைப் பார்த்ததே கிடையாது. அவளை ஒண்ணும் புடிக்காது."

ரெஜினா ஷிஃபானாவை விடுதியிலிருந்து கூப்பிட்டார். துப்பட்டாவால் அவள் கண்ணைக் கட்டினார். வளையத்தைப் பார்க்க நிறுத்திப் பந்தைக் கொடுத்தார்.

"ஓடு. எங்க எறியத் தோணுதோ, அங்க நில்லு."

பந்து டப் டப்பென்று போயிற்று. வெள்ளைக் கோட்டை அவள் கால் தாண்டியது. இன்னும் ஓரடி. நின்றாள்.

இசக்கி கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். அதே இடம்.

இடது பக்கமிருந்து ஓடச் சொன்னார். அங்கேயும் அதே வளைவு. மூலையிலிருந்தும் அதே.

"மேடம்," என்றாள் ஷிஃபானா, கண்கட்டோடு நின்றபடி. "இங்க மட்டும் தரை ஏன் ஜில்லுன்னு இருக்கு?"

உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

இசக்கி ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவளுக்கு அந்த இடத்தை யாரு மேடம் காட்டினா?"

ரெஜினா துப்பட்டாவை நிதானமாக அவிழ்த்தார்.

"ரெண்டு மாசமா உன் காலைப் பார்த்துப் பார்த்துத்தான் இவ ஓடப் பழகுறா. இப்பச் சொல்லு, உன்னை வெளியே உட்கார வச்சா அது போயிருமா?"