பக்கத்து வீட்டுக்குப் போன பை

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா. எந்த ஊருன்னு கேக்கறியா? சேலம்னே வெச்சுக்கோயேன். மொட்டை மாடியில நின்னா ஏற்காட்டு மலை தெரியும், அப்படி ஒரு வீடு. அந்த அம்மா பேரு வசுமதி. நல்லவதான், கெட்டிக்காரிதான், ஆனா பயம்னா அப்படி ஒரு பயம். பால் பொங்கினா பயம், ஃபோன் அடிச்சா பயம், அடிக்கலன்னா அதைவிட பயம். எங்கே, ம் கொட்டு. கொட்டினாத்தான் மேல சொல்லுவேன்.

அவளுக்கு ஒரே பொண்ணு, மிருதுளா. உன் வயசுதான். அந்தப் பொண்ணுக்கு அப்பப்போ இழுப்பு வரும். இழுப்புன்னா, நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்தறாப்பல 'கொய்ங்... கொய்ங்...'னு கேக்கும், மூச்சு வெளிய வர அடம் புடிக்கும். அதுக்கு ஒரு சின்னக் குழாய் மருந்து இருக்கு. வாயில வெச்சு 'புஸ்'னு அடிச்சா அடங்கிடும். அடங்கிடும்னு வசுமதிக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன, பயம் சொன்ன பேச்சு கேக்குமா?

அந்த மிருதுளாவுக்கு ஒரே ஒரு ஆசை. ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துக்கு நடுவுல மரத்தாலயே கட்டின சின்ன வீடு வாடகைக்கு விடறாங்க. சுவரும் மரம், தரையும் மரம், நடந்தா 'டொக் டொக்'. அதுல போய்த் தங்கணும். அம்மாவும் போலாம் போலாம்னுதான் சொல்லுவா, துணியெல்லாம்கூட எடுத்து வெப்பா, கடைசியில வேண்டாம்னுடுவா. ஒரு தடவை மழைன்னு வேண்டாம்னா. இன்னொரு தடவை மழையே இல்ல, பனின்னு வேண்டாம்னா. அப்போல்லாம் பொண்ணு அழுது ஊரைக் கூட்டும். இந்தத் தடவை அழல.

"அம்மா, இப்பவும் போகலன்னா நான் இனிமே கேக்கவே மாட்டேம்மா. நீயும் போலாம்னு சொல்லாத"ன்னா.

கோவமா சொல்லியிருந்தாக்கூட வசுமதி தாங்கியிருப்பா. மெதுவா சொன்னா பாரு, அதான் சுருக்குன்னு தைச்சுது. இந்தத் தடவையும் போகலன்னா பொண்ணு நம்மள நம்பறதையே விட்டுடுவான்னு அவளுக்குப் புரிஞ்சு போச்சு.

அப்புறம் என்ன பண்ணினா? வீட்டுக்காரர் குமரேசன்கிட்ட சொல்லி, மர வீட்டைப் பேசி வெச்சா. அந்த வீட்டைப் பாத்துக்கறவரு சின்னராசுன்னு ஒருத்தர். அவருக்கு ஃபோனைப் போட்டா.

"ஏங்க, அங்க அட்டை இருக்குமா?"

"மழை பெஞ்சா இருக்கும்மா. உப்பைப் போட்டா விழுந்துடும்."

உடனே மூட்டையில ஒரு உப்புப் பாக்கெட் ஏறுச்சு. அப்புறம் மறுபடியும் 'ட்ரிங் ட்ரிங்'.

"ஏங்க, காட்டெருமை வருமா?"

"வரும்மா. கதவைச் சாத்திக்கிட்டா அது பாட்டுக்குப் போயிடும்."

மூட்டையில ஒரு பெரிய பூட்டு ஏறுச்சு. உள்பக்கமா பூட்டிக்கறதுக்காம்! ம்? சிரி சிரி. அப்புறம் மூணாவது தடவையும் ஃபோன்.

"ஏங்க... அங்க ஆஸ்பத்திரி இருக்குங்களா? எம் பொண்ணுக்கு இழுப்பு வரும்."

சின்னராசு சிரிக்கல. "டவுன்லயே இருக்கும்மா. நம்மகிட்ட ஜீப்பும் இருக்கு. வாங்க, பாத்துக்கலாம்"னாரு.

கிளம்ப வேண்டிய சனிக்கிழமையும் வந்துச்சு. குமரேசனுக்கு அரை நாள் வேலை, அவரு மத்தியானம் வந்துதான் கிளம்பணும். வசுமதி காலண்டரைப் பாத்தா. சனிக்கிழமை மத்தியானம் எமகண்டம்! ஆனா அதுக்கும் நம்ம ஆளுங்க ஒரு வழி வெச்சிருக்காங்களே. நாம கிளம்பற நேரம் சரியில்லன்னா, நல்ல நேரத்துல ஒரு பையை மட்டும் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்ல வெச்சுடணும். பை கிளம்பிடுச்சுன்னா ஆளும் கிளம்பினாப்பல. அதுக்குப் பேரு பரஸ்தானம். ஆனா ஒண்ணு, அப்படிப் போன பை திரும்ப வீட்டுக்குள்ள வரக்கூடாது. வந்தா பயணம் கெட்டுதுன்னு அர்த்தம்.

பையில எதை வெக்கறது? மத்தவங்க ஒரு துண்டு வெப்பாங்க, ஒரு சட்டை வெப்பாங்க. நம்ம வசுமதி யோசிச்சா யோசிச்சா, எதை மறக்கவே கூடாதோ அதை முதல்ல அனுப்பிடணும்னு முடிவு பண்ணினா. மருந்துக் குழாயை எடுத்து வெச்சா. ஒண்ணு போதாதுன்னு, அவசரத்துக்குன்னு அலமாரியில இருந்த இன்னொண்ணையும் எடுத்து வெச்சா. ஜிப்பை 'சர்ர்'னு இழுத்து, பக்கத்து வீட்டு ஜமுனா அக்கா கூடத்துல, ஜன்னலோரத்து நாற்காலியில வெச்சுட்டு வந்தா. அப்பாடான்னு இருந்துச்சு அவளுக்கு. நீ முழிக்கறே. உனக்குப் புரியுது, அவளுக்குப் புரியலயே!

அப்புறம் மலையில குளிருமேன்னு பயம் வந்துச்சு. பரண்மேல கிடந்த பழைய கம்பளியை இறக்கி, கூடத்துலயே நின்னு 'பட்! பட்! பட்!'னு உதறினா. தூசின்னா தூசி, வெயில்ல பொடிப் பொடியா பறக்குது. பக்கத்துலயே மிருதுளா. காலையிலேர்ந்தே ஷூவைப் போட்டுக்கிட்டு 'தங்கு தங்கு'ன்னு குதிச்சுக்கிட்டிருந்தா. அப்போ 'லொக்'. அப்புறம் 'லொக் லொக்'. அப்புறம் 'கொய்ங்...'.

"அம்மா, லேசாத்தாம்மா இருக்கு"ன்னா பொண்ணு. எங்க பயணம் நின்னுடுமோன்னு அதுக்குப் பயம். வசுமதி அலமாரிக்குப் பாஞ்சா. மருந்து இருக்கற இடம் காலி. அப்போதான் மண்டையில உறைச்சுது.

பொண்ணைத் தூக்கிக்கிட்டு ஜமுனா அக்கா வீட்டுக்கு ஓடினா. கதவுல பூட்டு தொங்குது! ஃபோன் பண்ணினா, வீட்டுக்குள்ளயே மணி அடிக்குது. மருந்துக் கடையோ மெயின் ரோட்டுல. பொண்ணுக்குத் தொண்டைக்குழி உள்ள போய் உள்ள போய் வருது. ஜன்னல் மட்டும் திறந்திருந்துச்சு. கம்பிக்கு அந்தப் பக்கம், நாற்காலி மேல அந்தப் பை.

பொண்ணைப் படியில உக்கார வெச்சுட்டு, ஜன்னல் கம்பிக்குள்ள கையை விட்டா. தோள் வரைக்கும் விட்டா. எட்டல. ஓடிப்போய் ஒட்டடைக் கோலை எடுத்துக்கிட்டு வந்து எத்தினா. பை 'தொப்'னு கீழ விழுந்துடுச்சு. இன்னும் தூரமாப் போச்சு! அழுகை முட்டுது, அழ நேரமில்ல. மூணாவது தடவை கோலைத் திருப்பிப் புடிச்சு, அடிக்கம்பைப் பையோட வாருக்குள்ள நுழைச்சு, மெல்ல... மெல்ல... 'சரக் சரக்'னு இழுத்தா. வந்துச்சு. தூக்கினா, கம்பிக்குள்ள பை நுழையல. நுழையலன்னா போகுது போ! அப்படியே ஜிப்பைத் திறந்து மருந்தை மட்டும் உருவிக்கிட்டா.

'குலுக் குலுக்'. 'புஸ்'.

"இழு தங்கம், மூச்சைப் புடி... இப்போ விடு."

கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'புஸ்'. நெஞ்சுல கத்தின பூனைக்குட்டி மெதுவா, மெதுவா அடங்குச்சு. ம்.

அப்போ குமரேசன் வந்து நிக்கறாரு. தலையெல்லாம் ஒட்டடையோட பெண்டாட்டி, படியில சுருண்டு உக்காந்திருக்கற பொண்ணு. விஷயத்தைக் கேட்டாரு. மனுஷன் மூஞ்சி தொங்கிப் போச்சு. "சரி விடு, சின்னராசுகிட்ட சொல்லிடறேன். அடுத்த லீவுல பாத்துக்கலாம்"னு ஃபோனை எடுத்தாரு.

மிருதுளா குனிஞ்சு ஷூவைக் கழட்ட ஆரம்பிச்சா.

அதைப் பாத்தா வசுமதி. பயம் போயிடுச்சா? எங்க போகும், கழுத்து வரைக்கும் இருந்துச்சு. ஆனா வாய் முந்திக்கிச்சு.

"ஃபோனை வைங்க."

"ஏய், இப்போதானே இழுப்பு வந்துச்சு?"

"வந்துச்சு. எங்க வந்துச்சு? மலையிலயா? நம்ம வீட்ல, நட்ட நடுக் கூடத்துல, நான் பக்கத்துல நிக்கும்போது வந்துச்சு. நான் இங்கயே பொத்திப் பொத்தி வெச்சு என்னத்தைக் கண்டேன்? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். அவரு சரின்னா போறோம். மருந்து என் இடுப்புல இருக்கும், இனிமே எந்த வீட்டுக்கும் போகாது. கம்பளியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

டாக்டர் எல்லாம் கேட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு, நல்லா இருந்தா போய்ட்டு வாங்கன்னாரு. பாத்தாங்க. நல்லாத்தான் இருந்தா. அப்புறம் வசுமதி தரையில உக்காந்து, தானே அந்த ஷூவை மறுபடி மாட்டிவிட்டா. வண்டி வளைஞ்சு வளைஞ்சு மலை ஏறுச்சு. வழி நெடுக அவ கை பொண்ணு முதுகுலயேதான் இருந்துச்சு.

என்ன கேக்கறே? அங்க போய் இழுப்பு வந்துச்சான்னா? உன்கிட்ட பொய் சொல்லுவேனா, வந்துச்சு. விடியற நேரத்துல, வெளிய எல்லாம் ஒரே பனி, லேசா 'கொய்ங்'னுச்சு. வசுமதி இடுப்புல இருந்த மருந்தை எடுத்து அடிச்சா. 'புஸ்'. அடங்கிடுச்சு.

அப்போ மிருதுளா பயந்து பயந்து கேட்டா, "அம்மா, வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்லப் போறியா?"

"இல்லடி. இன்னும் ஒரு நாள் இருக்கலாமான்னு சின்னராசு அண்ணன்கிட்ட கேக்கப் போறேன்"னா வசுமதி.

பொண்ணு அம்மா மடியில தலையை வெச்சு அப்படியே தூங்கிப் போயிட்டா.

அவ்ளோதான், கதையை மலைமேல கொண்டுபோய் விட்டாச்சு. அது அங்க தூங்கட்டும், நீ இங்க தூங்கு.