கிரீடத்தைக் கழற்றும் இடம்

"வாத்தியாரே, அந்தப் பொண்ணு ஆட மாட்டேங்குது. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

வேடியப்பன் வாசலில் நின்றபடியே சொன்னான். மூச்சு வாங்கியது.

கோதண்டம் வாத்தியார் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு வா."

கழற்றிவிட்டு வந்தான்.

"எந்தப் பொண்ணு?"

"மேகலாதான். வேற யாரு? மன்னிப்பு கேட்டாத்தான் தொட விடுவேன்னு சொல்லுது."

"நீ என்ன தப்பு பண்ணே?"

"இன்னும் பண்ணல வாத்தியாரே. சபையிலதான் பண்ணப்போறேன்."

வாத்தியார் தைலப் புட்டியை மூடினார்.

இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஐம்பதைத் தாண்டியவர்கள். கோதண்டம் கூத்துக்காரர் வீட்டில் பிறந்தவர். வேடியப்பன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். முப்பது வயதுக்கு மேல் கூத்துக்கு வந்தான். அவன் காலில் முதலில் சலங்கை கட்டியவர் கோதண்டம். அன்றிலிருந்து அவர் வாத்தியார். வேடியப்பன் அவர் பெயரைச் சொன்னதில்லை.

துகில் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு.

துச்சாதனன் பாஞ்சாலியைக் கூந்தலைப் பிடித்துச் சபைக்கு இழுத்து வர வேண்டும். அவள் சேலையில் கை வைக்க வேண்டும். அதற்கு முன்னால் கூத்து நிற்கும். மத்தளம் நிற்கும். துச்சாதன வேஷம் கட்டியவன் கிரீடத்தைக் கழற்றித் தரையில் வைப்பான். கற்பூரம் ஏற்றுவான். பாஞ்சாலி வேஷம் கட்டியவர் காலில் விழுவான்.

"தாயே, வயித்துப் பொழப்புக்கு வேஷம் கட்டியிருக்கேன். என் கை உன் மேல படப்போவுது. பொறுத்துக்கோ."

எழுந்து மறுபடி கிரீடத்தை வைத்துக்கொள்வான். மத்தளம் தொடங்கும்.

அந்த இடத்தில் கூட்டத்தில் ஒருவரும் பேச மாட்டார்கள்.

வேடியப்பன்தான் துச்சாதனன். வாத்தியார்தான் பாஞ்சாலி. ஆண்டுதோறும் ஊர் ஊராக அவன் அவர் காலில் விழுந்திருக்கிறான். முழங்கால் கெட்டுப்போனதும் அவர் வேஷம் கட்டுவதை நிறுத்திக்கொண்டார். இப்போது பாஞ்சாலி மேகலா. அவர்கள் கூத்துக் குழுவான ஜமாவில் முதல்முறையாக ஒரு பெண் கட்டும் பாஞ்சாலி.

"எப்பவும் கேக்கறதுதானே," என்றார் வாத்தியார். "கேளு."

"வெளிநாட்டுல ஆடப்போறோமே, அங்க அதுக்கு நேரம் இல்ல வாத்தியாரே. ஒரு மணி நேரந்தான் குடுத்திருக்காங்க. ராத்திரி முழுக்க ஆடற கூத்து. எதையாவது வெட்டணும்ல?"

"ஒரு மணி நேரத்துல துச்சாதனன் சேலையை மடிச்சே வெச்சிடுவானே."

"வெளையாடாதீங்க. இது பெரிய விழா. நம்ம கூத்து மனுஷ குலத்துக்கே சொத்துன்னு விழாப் புத்தகத்துல போட்டிருக்காங்க. அழியாம பாதுகாக்கணுமாம்."

"ஊறுகா போடப்போறாங்களா?"

வேடியப்பன் சிரிக்கவில்லை.

"மண்டபத்துல நெருப்பும் கூடாதாம். கற்பூரம் ஏத்தினா மேலேர்ந்து தானா தண்ணி கொட்டிடுமாம். அதான் அந்த இடத்தை எடுத்துட்டேன். நானா ஆசைப்பட்டு எடுக்கல."

"வேற என்னத்த எடுத்தே?"

"கட்டியக்காரன் வேடிக்கை பாதி. சூதாட்டத்துல பாதி. தர்மர் பாட்டு முழுசும்."

"தர்மர் கட்டறவன் ஒத்துக்கிட்டானா?"

"தர்மராச்சே. பொறுமையா இருக்கான்."

வாத்தியார் சிரித்தார். பிறகு கேட்டார்.

"உன் பிரவேசம்?"

வேடியப்பன் மீசையைத் தடவினான்.

"அது இல்லாம எப்படி வாத்தியாரே? போஸ்டர்லயே அதானே இருக்கு."

துச்சாதனன் திரைக்குப் பின்னாலிருந்து சபைக்கு வரும் ஆட்டம் அது. திரை நடுங்கும். திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரியும், மறையும். பிறகு திரை விலகும். கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டு வருவான். செய்யாறு வட்டாரத்தில் வேடியப்பன் பிரவேசம் பார்ப்பதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். துச்சாதனனாகவே மாறிவிட்டான் என்பார்கள். தன்னை மறந்து ஆடுகிறான் என்பார்கள்.

இதை நாம் எப்போதும் பாராட்டாகத்தான் சொல்கிறோம். வேடியப்பனும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டான்.

"சரி, வெட்டிடு," என்றார் வாத்தியார்.

வேடியப்பன் அதை எதிர்பார்க்கவில்லை. வாதாடுவதற்கு நிறைய தயார் செய்துகொண்டு வந்திருந்தான்.

"நெசமாவா?"

"நேரம் இல்லன்னா என்ன பண்றது? ஒத்திகை எங்க?"

"கல்யாண மண்டபத்துல."

"என்னைக் கைத்தாங்கலா கூட்டிப் போ. நான் அந்தப் பொண்ணுகிட்ட பேசறேன்."

மார்கழி மாதம். கல்யாணம் எதுவும் இல்லை. மண்டபம் காலியாகக் கிடந்தது. மணமேடையில் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தரையில் மேகலா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கைத்தாளம் இருந்தது. வாத்தியாரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நான் ஆட மாட்டேன்னு சொல்லல வாத்தியாரே."

"பின்ன என்ன சொன்னே?"

"அதை மட்டும் எடுக்காதீங்கன்னு சொன்னேன்."

"ஏன்?"

அவள் யோசித்தாள்.

"எனக்குச் சொல்லத் தெரியல. நேத்து அது இல்லாம ஒத்திகை பாத்தோம். அண்ணன் கை முடியில விழுந்ததும் பாட்டு மறந்துபோச்சு."

வேடியப்பனுக்குக் கோபம் வந்தது.

"நான் உன்னை என்னம்மா பண்ணிடப்போறேன்? என் பொண்ணு வயசு உனக்கு. உன் புள்ளைக்கு ஜுரம் வந்தப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினவன் நான்."

"தெரியும்ணே."

"தெரிஞ்சா பயம் எதுக்கு?"

"அந்த நேரத்துல மட்டும் தெரியலண்ணே."

வேடியப்பன் வாத்தியாரைப் பார்த்தான். பார்த்தீர்களா என்பதுபோல.

வாத்தியார் மேகலாவிடம் எதுவும் பேசவில்லை. சுவரோரம் மடித்து வைத்திருந்த ஒத்திகைச் சேலையை எடுத்தார். வேடியப்பனிடம் நீட்டினார்.

"கட்டிக்கோ."

"நானா?"

"இன்னிக்கு நீ பாஞ்சாலி."

மேகலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேடியப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"மீசையோடயா?"

"பாஞ்சாலிக்கு இன்னிக்கு மீசை. துச்சாதனனுக்கு முட்டிவலி. சரியாப் போச்சு."

"நீங்களா துச்சாதனன்? வேணாம் வாத்தியாரே. கால் தாங்காது."

"அதை நான் பாத்துக்கறேன். மேகலா, தாளத்தை எடு. நீ வெட்டினபடியே ஆடலாம் வேடி. ஒண்ணும் சேக்க வேணாம்."

வேடியப்பன் வேட்டிக்கு மேலே சேலையைச் சுற்றிக்கொண்டான். கூத்துக்காரர்கள் வழக்கப்படி வளர்த்திருந்த முடியை அவிழ்த்துவிட்டான். நரைத்த முடி. தோள்வரை வந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பாஞ்சாலியின் பாட்டுகள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். எத்தனையோ ஆண்டுகளாக அவற்றைக் கேட்டுக்கொண்டே அந்தச் சேலையை இழுத்திருக்கிறான்.

"வெக்கமா இருக்கும்மா," என்றான் மேகலாவைப் பார்த்து. அவள் மறுபடி சிரித்தாள்.

தாளம் தொடங்கியது.

பின்னால் காலடி கேட்டது.

வாத்தியாரின் காலடி வேடியப்பனுக்குத் தெரியும். இடது காலை இழுத்து, ஒருமுறை நின்று, பிறகு வலது காலை வைப்பார். இந்தக் காலடியில் இழுப்பு இல்லை. நிற்கவும் இல்லை.

திரும்பிப் பார்க்கலாம் என்று நினைத்தான். பாஞ்சாலி திரும்பக் கூடாது. திரும்பவில்லை.

கை முடியில் விழுந்தது.

"எழுந்திரடி! சூதிலே தோற்ற பொருள் நீ. சபை காத்திருக்கிறது, வா!"

இழுத்த இழுப்பில் வேடியப்பன் மல்லாந்துவிட்டான். எழ முயன்றான். கால் சேலையில் சிக்கியது. தரையோடு தரையாக இழுபட்டான்.

முதலில் சிரித்தான்.

"மெதுவா வாத்தியாரே. முடி நெசம்."

கை மெதுவாகவில்லை.

மண்டபத்தின் நடுவுக்கு வந்தார்கள். இங்கே பாஞ்சாலி சபையைப் பார்த்துப் பாட வேண்டும். வேடியப்பன் வாயைத் திறந்தான். முதல் அடி வரவில்லை. இரண்டாவது அடியைத் தேடினான். அதுவும் இல்லை.

"வாத்தியாரே, வலிக்குது."

"எந்த வாத்தியார்?"

அந்தக் குரலை அவன் இதற்கு முன் கேட்டதில்லை. அவர் இத்தனை காலமும் பெண் குரலில் பாடியவர்.

"இங்கே வாத்தியார் எவனும் இல்லை. மகாராஜன் துரியோதனன் தம்பி, துச்சாதனன் நிற்கிறேன்."

வேடியப்பன் அண்ணாந்து பார்த்தான். அரிதாரம் இல்லை. கிரீடம் இல்லை. புஜக்கட்டை இல்லை. தினமும் பார்க்கிற முகம்தான். காதோரம் அதே மரு. அந்த முகத்தில் தனக்குத் தெரிந்த ஆளைத் தேடினான். கண்களில் தேடினான். வாயோரத்தில் தேடினான்.

கை சேலையின் முந்தானைக்கு வந்தது.

"கோதண்டம்!" என்று கத்தினான்.

முந்தானை இழுபட்டது. தோளிலிருந்து சேலை நழுவியது. உள்ளே அவன் சட்டை போட்டிருந்தான். வேட்டி கட்டியிருந்தான். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளை. பட்டப்பகல். வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்புகிறார்கள். எல்லாம் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

இரண்டு கைகளாலும் அந்தச் சேலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

தாளம் நின்றுவிட்டது.

"போதும் வாத்தியாரே," என்றாள் மேகலா. "விட்டுடுங்க. போதும்."

கை விட்டது.

வாத்தியார் இரண்டடி பின்னால் போனார். இடது கால் இழுத்தது. தூணைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். வலி அவர் முகத்துக்குத் திரும்பி வந்தது.



மேகலா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். முதலில் வாத்தியாரிடம் நீட்டினாள். அவர் வேடியப்பன் பக்கம் கை காட்டினார். வேடியப்பன் வாங்கினான். பாதி சட்டையில் கொட்டியது. மீதியைக் குடித்தான். சேலையை அவிழ்க்கவில்லை.

"மேகலா."

"சொல்லுங்கண்ணே."

"என் பிரவேசத்தை எடுத்துடலாம்."

"போஸ்டர்ல அதானேண்ணே போட்டிருக்காங்க?"

"போஸ்டர்ல ஆடிக்கிட்டு இருக்கட்டும். நான் நடந்து வரேன்."

அவள் அவனையே பார்த்தாள்.

"நெருப்பு கூடாதுன்னாங்களே?"

"நெருப்பு இல்லாம கேக்கறேன்."

அவள் தலையை ஆட்டினாள். தாளத்தை எடுத்துத் துணியில் சுற்றினாள். பிறகு சுற்றியதைப் பிரித்தாள்.

வேடியப்பன் நகர்ந்து வாத்தியார் அருகில் போனான். அவர் முழங்காலில் கை வைத்தான். அது வீங்கியிருந்தது. அமுக்கிவிட்டான். அவர் காலை நீட்டிக் கொடுத்தார்.

"வாத்தியாரே."

"ம்."

"நான் கூப்பிட்டேனே. ரெண்டு தடவை கூப்பிட்டேன். மூணாவது தடவை பேரைச் சொல்லியே கூப்பிட்டேன். ஏன் நிறுத்தல?"

வாத்தியார் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார்.

"நீ கூப்பிட்ட ஆளு கிரீடத்தைக் கழட்டிட்டு வர்ற இடத்தைத்தான் நீ வெட்டிட்டியே."